மூன்று மீட்டரும் எண்பது மீட்டரும்: ஒரு பந்தயத் தடத்தின் கதையும் ஒரு கிருஷ்ணகிரி விபத்தும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவே நெடுஞ்சாலை இலேசாக இடப்பக்கம் திரும்பும் ஓரிடம். ஆட்டோமொபைல் பிரிவில் என்னிடம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், நண்பர்கள் நால்வரோடு பந்தயம் கட்டிக்கொண்டு அந்த வளைவுக்குள் நுழைந்தான். லாரியிலிருந்து சிந்திய ஜல்லி அங்கே கிடந்தது. முன்சக்கரம் அதில் ஏறியதும் வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகச் சறுக்கினார்கள். சாலையோர இரும்புத் தடுப்பின் தூணில் மோதி அவனுடைய தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. ஆறு மாதம் படுக்கையில் கிடந்தான்.

பார்க்கப் போனபோது அவன் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்கியது. “சார், இதே வேகத்தில் டிராக்கில் விழுந்திருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்?”

அவனைத் திட்டுவதற்கென்றே தயாராகிப் போனவன் நான். அந்தக் கேள்விக்கு முன்னால் திட்ட வாய் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவனே கேட்டுவிட்டான்.

நண்பர்கள் சொன்ன வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர், அதாவது ஒரு நொடிக்கு முப்பது மீட்டருக்கும் மேல். தார் மேல் விழுந்து சறுக்கும் உடலுக்கு உராய்வுக் கெழு (தரை எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்பதைச் சொல்லும் எண்) 0.6 என்று வைத்துக்கொண்டால், எதிலும் மோதாமல் தானாக நிற்க அதற்குச் சுமார் 80 மீட்டர் தேவை. அடுத்த வாரம் அந்த இடத்துக்குப் போய் டேப் பிடித்து அளந்தேன். சாலையின் வெள்ளைக் கோட்டிலிருந்து இரும்புத் தூண் இருந்த தூரம் மூன்று மீட்டர்.

நிகழ்வு ஆய்வு எழுதும் மாணவர்களிடம் நான் மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்பேன். நடந்தது என்ன? எதனால் நடந்தது? இதே செயல் இன்னோர் இடத்தில் வேறு விதமாக முடிந்ததா, முடிந்தது என்றால் அங்கே என்ன இருந்தது? முதல் இரண்டுக்கும் மேலே பதில் வந்துவிட்டது. மூன்றாவதைத் தேடி அதே நெடுஞ்சாலையில் கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனேன். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம் எல்லாம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது.

சோழவரத்தில் கிடைத்த கான்கிரீட்

இருங்காட்டுக்கோட்டையின் கதை அங்கே தொடங்கவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்தது. 1950களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைச் சேர்ந்தவர்கள் அதில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டிப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நாட்டின் முதன்மையான பந்தயக் களமாகச் சோழவரம் இருந்தது. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வண்டிகள் வந்தன. மன்னர் குடும்பத்து வாரிசுகளும் தெருவோர மெக்கானிக்குகளும் ஒரே தளத்தில் ஓட்டினார்கள்.

இப்படித் தொடங்கிய ஊர் சோழவரம் மட்டுமில்லை. இங்கிலாந்தில் 1907-ல் திறந்த புரூக்லாண்ட்ஸ்தான் மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் தடம். போர் வந்ததும் அதை விமானத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. 1939-க்குப் பிறகு அங்கே பந்தயமே நடக்கவில்லை. ஆனால் அதே போர் முடிந்தபோது நாடெங்கும் ஆளில்லாத ஓடுதளங்களை விட்டுச் சென்றது. அவற்றில் ஒன்றான சில்வர்ஸ்டோனில் 1948-ல் பந்தயம் தொடங்கியது. 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் அங்கேதான் நடந்தது. சோழவரமும் சில்வர்ஸ்டோனும் ஒரே காலத்து ஓடுதளங்கள். இரண்டும் பந்தயத்துக்கு வந்த விதமும் ஒன்றே.

பிரிந்தது அதற்குப் பிறகு. சில்வர்ஸ்டோனின் குத்தகையைப் பந்தய ஓட்டுநர்களின் கிளப் ஏற்றுக்கொண்டு, பின்னாளில் நிலத்தையே வாங்கிவிட்டது. சோழவரத்து நிலம் சென்னை கிளப்புக்கு ஒருநாளும் சொந்தமாகவில்லை.

இதன் கனத்தைப் புரிந்துகொள்ள ஓடுதளத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். விமானத்துக்கு வளைவு தேவையில்லை. நேராகவும் அகலமாகவும் கான்கிரீட் இருந்தால் போதும். அதில் பந்தயம் வைக்க வேண்டுமானால் அடையாளங்களை நட்டுத்தான் வளைவுகளை உண்டாக்க வேண்டும். பந்தயம் முடிந்ததும் அவற்றை எடுத்துவிட வேண்டும். மண்ணைத் தோண்டி, விழுந்தவரைப் பிடித்து நிறுத்தும் சரளைப் படுகை அமைப்பதோ, பார்வையாளருக்கு நிரந்தர மேடை கட்டுவதோ, மருத்துவ அறை எழுப்புவதோ அடுத்தவர் நிலத்தில் ஆகாத காரியம். பாதுகாப்பு என்று எதைச் செய்தாலும் அது அந்த வார இறுதிக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வண்டிகளின் வேகமோ ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனது.

இருங்காட்டுக்கோட்டை

1980களின் பிற்பகுதியில் கிளப் எடுத்த முடிவை இந்த வரலாற்றின் திருப்புமுனை என்றே சொல்வேன். சொந்த நிலத்தில் நிரந்தரத் தடம் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் தடம் எழுந்து 1990-ல் திறக்கப்பட்டது. ஹூண்டாய் தொழிற்சாலை அந்தப் பக்கம் வந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். இன்று கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் அந்த வட்டாரம் அப்போது வயலும் ஏரியுமாக இருந்தது.

முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். தேவைக்கேற்பச் சுற்றைச் சுருக்கியும் ஓட்டலாம். உலக அளவில் பார்த்தால் பெரிய தடம் இல்லை. ஆனால் பந்தயம் ஓட்டுவதற்கென்றே நாட்டில் நிரந்தரமாக ஓரிடம் இருந்ததால் விளைந்தவை பல. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். அந்த ஃபார்முலா மாருதி வகுப்பில், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில்தான் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டி, பரிசு மேடையிலும் ஏறினார். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் அவர். 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவரதனின் பெயரைக் கோவை செட்டிப்பாளையத்தில் பின்னர் எழுந்த தடம் தாங்கி நிற்கிறது.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஓசூரில் டிவிஎஸ் நிறுவனம் 1982-ல் தொடங்கிய பந்தயக் குழு, இந்தியத் தொழிற்சாலை ஒன்று நடத்திய முதல் பந்தயக் குழு. ஓசூரில் தயாரான வண்டிகள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் ஓடின. அங்கே கற்ற பாடங்கள் ஓசூருக்குத் திரும்பி, நாம் கடைத்தெருவில் ஓட்டும் வண்டியின் எஞ்சினிலும் பிரேக்கிலும் சேர்ந்தன. தொழிற்சாலைக்குள் சோதனைத் தடமும் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலையின் தேவைக்கானது. மதிகிரிப் பையனும் காவேரிப்பட்டினத்துப் பையனும் அங்கே போய் ஓட்ட முடியாது.

நான் போன அன்று தேசிய மோட்டார் சைக்கிள் போட்டியின் ஒரு சுற்று நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர் மேடையில் உட்காராமல் வளைவுகளை மட்டும் வரிசையாகப் போய்ப் பார்த்தேன். பிற்பகலில் ஒரு வீரர் வளைவில் முன்சக்கரம் நழுவி விழுந்தார். என் மாணவன் விழுந்த அதே முறை. உடல் தாரில் சறுக்கி, புல்லைத் தாண்டி, மண்ணுக்குப் போய் இரண்டு முறை உருண்டு நின்றது. வழியில் தூண் இல்லை, கல் இல்லை. பின்னால் வருபவர்களுக்கு ஆபத்தைச் சொல்லும் மஞ்சள் கொடி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அவர் எழுந்து தடுப்புக்குப் பின்னால் நடந்துபோய்விட்டார்.

தடத்தை விட்டு விலகியவர் ஓடி ஓய்வதற்கான அந்தக் காலியிடத்தை ரன்-ஆஃப் என்பார்கள். அதை அளக்க எனக்கு அனுமதி இல்லை. என் கண்ணுக்கு அது எண்பது மீட்டருக்குக் குறைவாகத்தான் தெரிந்தது. ஆனால் மண்ணும் சரளையும் தாரைவிடச் சீக்கிரம் உடலைப் பிடித்து நிறுத்திவிடும்.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அங்கேயும் மரணம் நடக்கிறது. 2023 ஜனவரியில் மூத்த கார் வீரர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவனும் அந்தத் தடத்தில் நடந்த போட்டிகளில் இறந்தார்கள். பதிமூன்று வயது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் வகுப்பு எடுக்கவில்லை. பந்தயத் தடம் ஆபத்தைக் குறைக்கும், நீக்கிவிடாது. இதைச் சொல்லாமல் எந்த மாணவனையும் நான் அங்கே அழைத்துப் போவதில்லை.

சுவருக்குப் பின்னால் ஆறு

பந்தயத் தடங்களின் நூறாண்டு வரலாற்றைப் படித்தால், அது வேகத்தின் வரலாறாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்க, காலியிடத்தின் வரலாறாக அது மாறிக்கொண்டே வந்தது.

1909-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடம் சரளையும் தாருமாகத் திறந்தது. முதல் பந்தயங்களிலேயே தளம் பெயர்ந்து உயிர்கள் போயின. சில மாதங்களுக்குள் 32 லட்சம் செங்கற்களைப் பதித்துத் தளத்தையே மாற்றினார்கள். தளம் சரியானது. ஆனால் பந்தயத்துக்கும் மனிதருக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1955-ல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் தூக்கி வீசப்பட்டு, அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது பொதுச்சாலையைப் பயன்படுத்திய தடம். பார்வையாளர்கள் சாலையை ஒட்டியே நின்றார்கள். வண்டிகள் நின்று எரிபொருள் போடும் இடத்துக்கும் ஓடும் பாதைக்கும் நடுவே சுவர்கூட இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சுற்றுத்தடப் பந்தயத்தையே தடை செய்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இத்தாலியின் இமோலா. அங்கே தம்புரெல்லோ என்ற வளைவு முழு வேகத்தில் எடுக்கப்படும் வளைவு. சுவர் மிக அருகில் இருந்தது. 1989-ல் ஃபார்முலா ஒன் வீரர் கெர்ஹார்ட் பெர்கர் அதில் மோதி அவருடைய கார் தீப்பிடித்தது. அந்தச் சுவரைப் பின்னுக்குத் தள்ள முடியுமா என்று அவரும் சக வீரர் அயர்டன் சென்னாவும் நடந்துபோய்ப் பார்த்தார்கள். சுவருக்குப் பின்னால் சந்தெர்னோ ஆறு ஓடியது. தள்ள இடமில்லை என்று திரும்பி வந்தார்கள். 1994 மே 1 அன்று சென்னா அதே சுவரில் மோதி இறந்தார். அடுத்த ஆண்டுக்குள் அந்த வளைவை உடைத்து, வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டிய வளைவாக மாற்றிவிட்டார்கள். ஆற்றை நகர்த்த முடியவில்லை, வேகத்தைக் குறைத்தார்கள். அந்த வழி 1989-லும் திறந்தேதான் இருந்தது.

வெளி இருந்தால் வேகம், இல்லையென்றால் வேகக் குறைப்பு. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி ஓட்டுநர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிக்கு ஒதுங்க வெளி கிடையாது, முன்னால் போகும் வண்டிகள்தான் உண்டு. 2024 ஜனவரியில் அங்குள்ள பாலத்தில் நான்கு பேர் இறந்த விபத்தின் காட்சிப் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தும்படி மாணவர்கள் கேட்டார்கள்.

நிலம் யாருடையது

தூரத்துக்கு நிலம் வேண்டும். நிலம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் ஒரு தடம் நிலைக்குமா என்பதை முடிவு செய்கிறது. இதற்கு டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஹெர்மன் டில்கே வடிவமைத்த புத்தா சர்வதேசத் தடம், 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 2011 அக்டோபர் 30 அன்று இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கே நடந்தது. மூன்றே ஆண்டுகள். 2013-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் அங்கே திரும்பவில்லை. வரித் தகராறு ஒரு பக்கம், கட்டுமான நிறுவனத்தின் கடன் இன்னொரு பக்கம். நிலுவைத்தொகைக்காக 2020-ல் யமுனா விரைவுச்சாலை ஆணையம் நில ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. 2023-ல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோ ஜிபி ஒருமுறை வந்து போனது. பாதுகாப்பில் இருங்காட்டுக்கோட்டையைவிடப் பல படி மேலான தடம் அது. ஆனால் ஞாயிறுதோறும் வந்து ஓட்டுகிற, அதைத் தன்னுடையது என்று நினைக்கிற ஒரு கூட்டம் அதைச் சுற்றி உருவாகவே இல்லை.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடம் அமைத்து இரவுப் பந்தயம் நடத்தினார்கள். 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அண்ணா சாலையில் விளக்கொளியில் கார்கள் பாய்ந்ததைப் பார்க்க எனக்கும் ஆனந்தமாகத்தான் இருந்தது. ஆனால் தெருத் தடம் இரவல் தடம். கான்கிரீட் தடுப்புகளைக் கொண்டுவந்து அடுக்க வேண்டும், சான்று வாங்க வேண்டும், ஓட்ட வேண்டும், பிரித்து எடுக்க வேண்டும். திங்கட்கிழமை அங்கே மாநகரப் பேருந்து ஓடியாக வேண்டும். கார் ஓட்டுநரைச் சுற்றிக் கூண்டு இருப்பதால் சுவர் அவரைக் காக்கும். அதே சுவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனைக் கொன்றுவிடும். அதனால்தான் இரு சக்கரப் பந்தயத் தடங்களில் சுவரை எட்டக் கொண்டுபோவார்கள், அப்படித் தள்ள முடியாத இடத்தில் காற்றடைத்த மெத்தைத் தடுப்பு வைப்பார்கள். நம்முடையது இரு சக்கர மாவட்டம். ஓசூரில் டிவிஎஸ், ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா. இங்கே யாராவது தடத்தைப் பற்றிப் பேசினால் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

வேகத்தை வேடிக்கை பார்ப்பதும் அதற்கு வேலி கட்டுவதும் நமக்குப் புதிதில்லை. தை பிறந்தால் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. குறித்த தூரத்தைக் குறைந்த நொடிகளில் கடக்கும் எருதுக்குப் பரிசு. தெருவின் இருபுறமும் இரட்டைத் தடுப்பு, எல்லைக்கோட்டில் நேரம் குறிப்பவர்கள், ஆம்புலன்ஸ். பந்தயத் தடத்துக்குத் தேவையானவற்றில் பாதி அங்கேயே இருக்கிறது. அதுவும் இரவல் தெருதான். 2023 பிப்ரவரி 2 அன்று சூளகிரி அருகே கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி தாமதமானதும் இளைஞர்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். கல்வீச்சு, தடியடி, பல மணி நேரம் போக்குவரத்து நின்றது. தனக்கென ஓரிடம் இல்லாத வேகம் கடைசியில் நெடுஞ்சாலைக்குத்தான் வந்து சேர்கிறது.

“பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறதே சார், அங்கே நடத்தலாமே” என்று மாணவர்கள் கேட்டார்கள். அது தனியாருடைய ஓடுதளம். விமானங்கள் இறங்கும் இடம். ஒருவேளை அனுமதி கிடைத்தாலும் அது இன்னொரு சோழவரமாகத்தான் இருக்கும் என்றேன். புதிதாக நிலம் எடுத்துக் கட்டலாம் என்றால் அதற்கும் நான் உடன்பட மாட்டேன். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்து மாதக்கணக்கில் போராடியதை அருகிலிருந்து பார்த்தவன் நான். தக்காளியும் கொத்தமல்லியும் விளையும் மண்ணில் ரன்-ஆஃப் வேண்டாம்.

என் பரிந்துரை சிறியது. தொழிற்பேட்டைகளுக்கென்று ஏற்கெனவே எடுக்கப்பட்ட நிலத்தில் ஒரு கிலோமீட்டர் சுற்று. நீண்ட நேர்ப்பாதை இல்லாத, வேகம் மணிக்கு எண்பது கிலோமீட்டரைத் தாண்ட முடியாத வளைவுகள். இரு சக்கர வண்டிக்கென்றே வடிவமைத்த வெளி. வார நாள்களில் தொழிற்சாலைகள் வாடகைக்கு எடுத்துச் சோதனை செய்யட்டும், ஞாயிறு காலை மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளரோடு திறக்கட்டும். நிர்வாகம் ஓட்டுபவர்களின் சங்கத்திடம் இருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டை 1990 முதல் நின்று நிலைப்பதும் நொய்டா நிலைக்காததும் அந்த ஒரு காரணத்தால்தான் என்பது என் கணிப்பு. இதை எழுதி உரிய இடத்தில் கொடுத்திருக்கிறேன்.

அந்த மாணவன் இப்போது இலேசான தாங்கலோடு நடக்கிறான். சென்ற மாதம் இளைய மாணவர்கள் மூவரைக் கூட்டிக்கொண்டு கல்லூரி மைதானத்தை அளந்தான். நீளம் 130 மீட்டர், அகலம் 70. மதில் சுவரிலிருந்து உள்ளே பதினைந்து மீட்டர் விட்டு ஓர் எல்லை போட்டான். அதே 0.6 கெழுவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் நிற்க 24 மீட்டர் ஆகும், சுவர் இடிக்கும். 40 என்றால் பத்தரை மீட்டர்.

வெள்ளிக்கிழமை மாலை, பழைய டயர் ஒன்றில் வெள்ளை பெயிண்டால் 40 என்று எழுதி நுழைவாயிலில் நட்டு வைத்திருந்தார்கள்.